நடு இருக்கைக்கு ஒரு மிட்டாய்

ஓசெலெ ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து சிக்ஸ்டன், "எனக்கு வருது" என்றான். என்ன வருகிறது என்று கேட்க அவகாசமில்லை. வலப்பக்கம் ஓய்விடத்தின் பலகை தெரிந்தது. பனியில் சறுக்கியபடி வண்டியை உள்ளே திருப்பி நிறுத்துவதற்குள் பாதி வெளியே வந்துவிட்டது. மீதியைக் காலி ரொட்டிப் பையில் பிடித்தேன்.

சிவப்பு, பச்சை, மஞ்சள். வழியெல்லாம் அவன் விழுங்கிய மிட்டாய் அத்தனையும் அரைகுறையாகக் கரைந்து, கொழகொழவென்று, புளித்த பால் வாடையோடு பையின் அடியில் கிடந்தது. அதன் சூடு கையுறையைத் தாண்டி உள்ளங்கைக்கு வந்தது. 

எனக்கு அருவருப்பு கொஞ்சம் அதிகம்தான். பிறர் கடித்துவைத்த ரொட்டி, முடி சிக்கிய சீப்பு, பிள்ளைகள் சப்பிய விரலால் தொட்ட கண்ணாடி, எதைப் பார்த்தாலும் உடம்பு கூசும். இந்தக் காரை வாரா வாரம் உள்ளும் புறமும் துடைத்து வைத்திருந்தவள் நான். நான் கட்டிக்கொண்டது ஹோகனை. அவனோடு சேர்ந்து வந்தவர்கள் பத்து வயது ஸ்வேயாவும் ஐந்து வயது சிக்ஸ்டனும்.

குளிர்கால விடுமுறைக்கு இரண்டு பேரையும் வடக்கே ஸ்தூருமானில் இருக்கும் அவர்கள் அம்மா மாரித்திடம் கொண்டுபோய் விட வேண்டும். ஹோகனுக்கு வேலை. அதனால் முதல் தடவையாகப் பிள்ளைகள் என் தனிப் பொறுப்பில் வந்திருந்தார்கள். மாரித் தொலைபேசியில் அவனிடம், "யில்வா பாத்துப்பாளா?" என்று கேட்டது என் காதிலும் விழுந்திருந்தது. அலுங்காமல் குலுங்காமல் இரண்டு பேரையும் அவள் கையில் ஒப்படைத்துக் காட்ட வேண்டும் என்பதைத் தவிர அன்று எனக்கு வேறு ஆசை இல்லை.

"கார்ல பிள்ளைங்கள சமாளிக்கறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. மஞ்சள் கார் விளையாட்டு விளையாடு, போதும்" என்று ஹோகன் சொல்லி அனுப்பியிருந்தான். எதிரே மஞ்சள் வண்டி வந்தால் முதலில் "மஞ்சள்!" என்று கத்துகிறவருக்கு ஒரு மிட்டாய். அன்று சனிக்கிழமை, எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரே மிட்டாய் நாள். ஒரு பெரிய காகிதப் பை நிறைய அவனே அள்ளிக்கொண்டு வந்து பின்னிருக்கையில், இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் வைத்துவிட்டுப் போனான். நல்ல அப்பா. வாந்தியைத் துடைக்கிறவள் நானல்லவா.

ஈரத் துணியால் சிக்ஸ்டனின் முகவாயைத் துடைத்தேன். மூச்சை அடக்கிக்கொண்டுதான் துடைத்தேன்.

"மூக்க சுருக்காத யில்வா. அவனுக்குத் தெரியும்" என்றாள் ஸ்வேயா.

"நான் சுருக்கல."

"அம்மா வீட்டுலயும் இப்படி மூஞ்சிய வச்சுக்காத. உள்ள போனதும் 'போன தடவைக்கு நன்றி' சொல்லணும், ஞாபகம் இருக்கில்ல?"

"நான் என்ன நேத்துப் பொறந்தவளா?"

"எதுக்கு நன்றி?" என்று கேட்டான் சிக்ஸ்டன்.

"கோடையில உங்கம்மா எங்களுக்குச் சாப்பாடு போட்டாங்க இல்லையா, அதுக்கு. ஒருத்தர் நம்மள உபசரிச்சா, அடுத்த வாட்டி பாக்கறப்ப அதச் சொல்லணும். அவங்க 'உனக்குந்தான் நன்றி'ம்பாங்க. அப்புறம் நாம அவங்களக் கூப்பிடணும். அது முறை."

"அப்ப இந்த நன்றி சொல்றது எப்பவுமே முடியாதா?"

"முடியாது. அதுதான் மரியாதை" என்று சிரித்தேன்.

அவன் மிட்டாய்ப் பைக்குள் எட்டிப் பார்த்தான். ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. படகு வடிவத்தில் ஒரு சிவப்பு ராஸ்பெரி மிட்டாய். வாந்தி எடுத்து இரண்டு நிமிடம் ஆகவில்லை, கை நீட்டினான்.

"கடைசிய எடுக்கக் கூடாது" என்றாள் ஸ்வேயா.

"யில்வா, நான் எடுத்துக்கவா?"

நான் வளர்ந்த வீட்டில் கேக் தட்டில் கடைசித் துண்டு காய்ந்து கல்லாகும், யாரும் தொட மாட்டார்கள். கடைசித் துண்டைத் தொட்ட விருந்தாளியைப் பற்றி வருடக்கணக்கில் பேசுவார்கள். அவன் மறுபடி வாந்தி எடுத்துவிடுவானோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது. "வேண்டாம்டா கண்ணு. கடைசிய விட்டு வைக்கணும்" என்றேன்.

"யாருக்கு?"

"இதுவரைக்கும் ஒண்ணுமே கிடைக்காதவங்களுக்கு."

வாயில் வந்ததைச் சொன்னேன். சிக்ஸ்டன் திறந்திருந்த கார்க் கதவு வழியாக வெளியே பார்த்தான். ஓய்விடம் என்று பெயர்தான். பனியில் முக்கால்வாசி புதைந்த ஒரு மேஜை, அதற்குப் பின்னால் ஒரு மரக் கழிப்பறை, வேறொன்றும் இல்லை. கழிப்பறைக் கதவு பாதி திறந்திருந்தது. வாசலில் பனி சீராகக் கிடந்தது, யாரும் மிதித்த தடமில்லை. அந்தக் குளிரில் எந்த வாடையும் எழும்பாது என்பார்கள். அங்கே எழும்பியது. பழைய மூத்திரம். அதற்கு அடியில் ராஸ்பெரி இனிப்பு.

"அப்ப அவனுக்கு" என்று சொல்லி சிக்ஸ்டன் பையை விரித்துக் கதவுப் பக்கம் நீட்டினான்.

"எவனுக்கு?"

"உள்ள ஒக்காந்திருக்கானே."

நான் எட்டிப் பார்க்கவில்லை. ரொட்டிப் பையை முடிச்சுப் போட்டுக் குப்பைத் தொட்டியில் எறிந்தேன், கதவைச் சாத்தினேன், வண்டியைக் கிளப்பினேன். ரோட்டில் ஏறும்போது கண்ணாடியில் பார்த்தேன். பை பழையபடி நடு இருக்கையில் இருந்தது.

நாலு மணிக்கே இருட்டிவிட்டது. இரண்டு பக்கமும் பனி சுமந்த மரங்கள், நடுவில் வெளிச்சம் போகிற அளவுக்கு வெள்ளை ரோடு. எதிரே வண்டியே இல்லை. ஸ்வேயா ஜன்னலில் தலை சாய்த்திருந்தாள். ஹீட்டர் ஓடியதும் காருக்குள் ஈரக் கம்பளி, வாந்தி, சர்க்கரை எல்லாம் சேர்ந்து ஒரு வாடை. கண்ணாடியை இறக்கினேன். வாடை போகவில்லை, இன்னும் கெட்டியானது.

பிறகு ஒரு சத்தம்.

யாரோ சப்பும் சத்தம். நாக்கைச் சுழற்றி, எச்சிலை உறிஞ்சி, மறுபடி சப்பி.

"சிக்ஸ்டன், படக எடுத்துட்டியா?"

"இல்ல."

"பொய் சொல்லாத."

"நான் எடுக்கல. அவன் எடுத்துக்கிட்டான்."

"ஸ்வேயா, அவன் வாயப் பாரு."

ஸ்வேயா திரும்பிப் பார்த்தாள். "வாய் காலியாத்தான் இருக்கு." அவள் குரல் இறங்கியிருந்தது. "ஆனா பை..."

"மஞ்சள்" என்று ஒரு குரல் சொன்னது.

தொண்டையில் கோழை கட்டிய குழந்தையின் குரல். ஸ்வேயாவுடையது அல்ல. சிக்ஸ்டனுடையதும் அல்ல. எதிரே ரோட்டில் இருட்டைத் தவிர ஒன்றும் இல்லை. ஒரு வளைவில் திரும்பினோம். அதற்குப் பிறகுதான் மரங்களுக்கு இடையே விளக்கு அசைந்தது. பனி தள்ளும் வண்டி ஒன்று எங்களைக் கடந்து போனது.

மஞ்சள் வண்டி.

என் கண் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த முன்பலகையில் விழுந்தது. பின்னிருக்கை பெல்ட்டுகளைக் காட்டும் மூன்று சின்ன விளக்குகள் அங்கே உண்டு. யார் பெல்ட் மாட்டியிருக்கிறார்களோ அந்த விளக்கு மட்டும் பச்சையாக எரியும்.

மூன்றும் எரிந்தன.

வண்டியை ஓரம் கட்டி உள்விளக்கைப் போட்டுத் திரும்பினேன். ஸ்வேயா கதவோடு ஒட்டிக்கொண்டிருந்தாள். நடு இருக்கையில் யாரும் இல்லை. பெல்ட் மட்டும் மாட்டியிருந்தது. அது இருக்கையோடு படிந்து கிடக்கவில்லை, உப்பிய வயிறு ஒன்றைச் சுற்றியதுபோல் முன்னால் எழும்பி நின்றது. அதற்கு முன்னால் மிட்டாய்ப் பை.

ஒன்றே ஒன்று மிச்சமிருந்த பை வாய்வரை நிறைந்திருந்தது.

எல்லாம் யாரோ சப்பித் துப்பியவை. நிறம் போய், வெளுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, எச்சில் நூல் இழுத்துக்கொண்டு. சிலவற்றில் நீளமான நரை முடி சுற்றியிருந்தது. சிலவற்றில் சின்னச் சின்னப் பல்தடம். ஆவி பறந்தது. சிக்ஸ்டன் அதற்குள் கையை விட்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டு, கண் கலங்க, கஷ்டப்பட்டு விழுங்கினான்.

"துப்பு! துப்புடா!"

"துப்பக் கூடாது. இது அவன் குடுத்தது" என்று விக்கினான். "நாம அவனுக்குக் குடுத்தோம் இல்ல, இப்ப அவன் முறையாம். நான்தான் அவன் விருந்தாளியாம்."

பையைப் பிடுங்கினேன். காகிதம் நனைந்து என் விரலோடு ஒட்டியது. ஜன்னல் வழியாகப் பனிக்குள் வீசினேன். நடு பெல்ட்டின் பொத்தானை அமுக்கினேன். நீண்ட நாள் தேங்கிய சளியில் விரல் வைத்ததுபோல் இருந்தது, பெல்ட் கழலவில்லை. முன்னால் திரும்பி வண்டியை விரட்டினேன். என் விரலை உடையில் துடைத்தேன், துடைத்துக்கொண்டே இருந்தேன், பிசுபிசுப்பு போகவில்லை.

பின்னால் காகிதம் சரசரத்தது.

"பை வந்துடுச்சு, யில்வா" என்றாள் ஸ்வேயா. அழுதுகொண்டிருந்தாள். "அவன் தின்னுட்டே இருக்கான். நான் கையப் புடிச்சாலும் நிறுத்த மாட்டேங்கறான்."

"சிக்ஸ்டன், போதும்னு சொல்லு! வயிறு நிறைஞ்சிடுச்சுன்னு சொல்லு!"

"சொன்னேன்." வாய் நிறைய வைத்துக்கொண்டு பேசினான். "இன்னும் ஒண்ணு எடுத்துக்கங்கறான்."

அதுதான் எங்கள் உபசாரம். நாங்களும் அப்படித்தான் சொல்வோம், வேண்டாம் என்றால் மறுபடி சொல்வோம். முன்னால் விளக்கு வெளிச்சத்தில் ஒரு பலகை எழுந்தது. ஓய்விடம். பனியில் முக்கால்வாசி புதைந்த மேஜை. அதற்குப் பின்னால் மரக் கழிப்பறை. குப்பைத் தொட்டியில் நான் முடிச்சுப் போட்டு எறிந்த ரொட்டிப் பையின் நுனி தெரிந்தது. வடக்கே தவிர வேறு எந்தப் பக்கமும் நான் திரும்பியிருக்கவில்லை. வண்டி தானாக உள்ளே உருண்டது. என்ஜின் நின்றது.

கழிப்பறைக் கதவு இப்போது முழுதாகத் திறந்திருந்தது.

சிக்ஸ்டன் தன் பெல்ட்டைக் கழற்றினான்.

"எங்கடா போற?"

"அவன் வீட்டுக்கு. தின்னு முடிச்சா அவன் வீட்டப் பாக்கப் போகணுமாம்." பையைத் தூக்கிக் காட்டினான். உள்ளே ஒன்றே ஒன்று கிடந்தது. "கடைசிய நான் எடுக்கல, யில்வா. அவனுக்கு விட்டுட்டேன். அவன் தின்னுட்டு மறுபடி எனக்கு நிறைய குடுப்பான். அப்புறம் நான் அவனுக்கு ஒண்ணு விடுவேன். அப்படியே போயிட்டே இருக்குமாம்."

அவன் முகம் பச்சை படிந்திருந்தது. கடைவாயிலிருந்து ஒரு நரை முடி தொங்கியது. பாவம், மரியாதையான பிள்ளை. நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்துகொண்டிருந்தான். கதவுப் பிடியில் அவன் கை போனது. அவன் கையின் மேல் காற்றில் ஏதோ ஈரமாகப் பளபளத்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. கடைசி ஒன்று மிஞ்சியிருக்கும்வரை விருந்து முடியாது. யாராவது மரியாதை கெட்டவர்கள் அதை எடுத்துத் தின்றாக வேண்டும்.

யார் என்று யோசிக்க அங்கே அதிகம் பேர் இல்லை.

"குடு" என்றேன்.

"கடைசி, யில்வா."

"தெரியும். குடுடா."

அது அந்தச் சிவப்புப் படகுதான். சிவப்பு போய்ச் சீழ் நிறமாகியிருந்தது. புண்ணிலிருந்து எடுத்த பஞ்சுபோல ஊறி, கனத்து, வெதுவெதுப்பாக இருந்தது. அதன் வயிற்றில் ஒரு பால்பல் பதிந்திருந்தது, வேரில் ரத்தம் காயாமல். சுற்றிலும் முடி. பிறர் கடித்த ரொட்டியைக்கூடத் தொடாத நான் அதை வாயில் போட்டேன்.

நாக்கில் பட்டதும் அது அசைந்தது.

கழிப்பறைக் குழியின் ருசி. ஊத்தை வாயின் ருசி. எத்தனையோ சனிக்கிழமைகளின் எச்சில். முடி உள்நாக்கில் சிக்கிக் கீழே இறங்க மறுத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். துப்பினால் பிள்ளை போய்விடுவான் என்று மட்டும் நினைத்தேன். மென்றேன். பல் என் பல்லோடு உரசி நெரிந்தது. விழுங்கினேன். மேலே வந்ததையும் சேர்த்து மறுபடி விழுங்கினேன்.

நடு இருக்கையில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். தட்டிலிருந்த கடைசித் துண்டை விருந்தாளி எடுத்துவிட்டால் என் அம்மா மூச்சை இழுப்பாளே, அதே மாதிரி.

பெல்ட் பட்டென்று கழன்றது. இடது பக்கக் கதவு திறந்து மூடியது. பனியில் தடம் விழவில்லை. கழிப்பறைக் கதவு மட்டும் மெதுவாக, சத்தமில்லாமல், மரியாதையாகச் சாத்திக்கொண்டது.

சாவியைத் திருப்பினேன். என்ஜின் பிடித்தது. சிக்ஸ்டன் பின்னாலிருந்து என்னிடம் தாவி வந்து ஒரே மூச்சில் வாந்தி எடுத்தான், என் மடியில், நான் துடைத்து வைத்த இருக்கையில், கியரில். கைப்பிடி கைப்பிடியாக முடி வந்தது. அவனை இழுத்து என்னோடு அணைத்துக்கொண்டேன். அந்த ஈரம் என் கழுத்தில் இறங்கியது. அன்று முதல் தடவையாக எனக்கு மூக்கைச் சுருக்கத் தோன்றவில்லை.

மாரித்தின் வீட்டு வாசலில் மூன்று பேரும் நாற்றமடிக்க நின்றோம்.

"போன தடவைக்கு நன்றி" என்றேன்.

"உனக்குந்தான் நன்றி" என்றாள் அவள். பிள்ளைகளைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். இரண்டு பேரும் முழுசாக இருந்தார்கள்.

"யில்வா கடைசிய எடுத்துத் தின்னுட்டா" என்று சிக்ஸ்டன் அறிவித்தான்.

மாரித் என்னைப் பார்த்த பார்வையில், வாந்தியைக்கூட அவள் மன்னித்துவிடுவாள், கடைசியை எடுத்ததை மட்டும் மாட்டாள் என்பது தெரிந்தது. சிக்ஸ்டன் என் விரலை விடாமல் பிடித்திருந்தான். அதையும் அவள் கவனித்தாள்.

அந்த வாரம் முழுக்க ஸ்தூருமானிலேயே அறை எடுத்துத் தங்கி, பல் துலக்கினேன். ஈறில் ரத்தம் வரும்வரை துலக்கினேன். ஒவ்வொரு காலையும் கடைவாயில் ஒரு நரை முடி இருக்கும். இழுத்தால் நீளமாக வரும்.

விடுமுறை முடிந்து பிள்ளைகளை அழைத்துவர ஹோகனும் பஸ்ஸில் வந்து சேர்ந்தான். கிளம்பும்போது கடலோர ரோட்டில்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். "சுத்து வழி. உனக்கென்ன கிறுக்கா?" என்றான், ஆனால் ஓட்டினான். நல்ல வெயில். உறைந்த கடல் கண்ணைக் கூசச் செய்தது. அந்த ஓய்விடம் எங்கோ மலைக்கு அந்தப் பக்கம், எங்களை விட்டு விலகிக்கொண்டே போனது. மறுபடி சனிக்கிழமை. நான் எவ்வளவு தடுத்தும் ஹோகன் ஒரு பை மிட்டாய் வாங்கிவிட்டான். கடலோரத்தில் மஞ்சள் கார்களுக்குப் பஞ்சமில்லை. பிள்ளைகள் முதலில் பயந்தார்கள், பிறகு மறந்துபோய்க் கத்தினார்கள், சிரித்தார்கள்.

"ஒண்ணுதான் இருக்கு" என்றாள் ஸ்வேயா திடீரென்று.

"நீ எடுத்துக்க" என்றான் ஹோகன்.

"எனக்கு வேணாம். நீ எடுத்துக்க."

"ஐயோ, எனக்கெதுக்கு? அங்கயே வை."

"வைக்காத! என்கிட்ட குடு. நான் தின்னுடறேன்" என்றேன்.

"கடைசியையா?" ஹோகன் ரோட்டை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

ஸ்வேயா அதற்குள் பையை நடுவில் வைத்திருந்தாள். நான் உடம்பை முறுக்கிக் கையைப் பின்னால் நீட்டிப் பைக்குள் துழாவினேன். காலி.

முன்பலகையில் மூன்றாவது விளக்கு பச்சையாக எரிந்தது.

பின்னால் சப்பும் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. கோழை கட்டிய அந்தக் குரல், ஒப்பித்துப் பழகியதுபோல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னது.

"போன தடவைக்கு நன்றி, யில்வா."

பேசத் தெரிந்த நாளிலிருந்து பழகிய வாய். நான் தடுப்பதற்குள் அது பதில் சொல்லிவிட்டது.

"உனக்குந்தான் நன்றி."

"யாருக்குச் சொல்ற?" என்றான் ஹோகன்.

பின்னால் நீண்டிருந்த என் உள்ளங்கையில் ஈரமாக, வெதுவெதுப்பாக ஒன்று வைக்கப்பட்டது. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று.